நான்கு தடுப்பில் நான்கு பிராணி: உருமாற்றத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கையால் காட்டுவது எப்படி?

#1 மழலைவகுப்பு

வணக்கம். மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இப்போது உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி நடக்கிறது. எல்லோரும் வைப்பது போலத்தான் நானும் வைத்தேன்: ஒரு தட்டில் நான்கு தடுப்பு. முட்டைக்கு அரிசி, புழுவுக்குச் சுருள் பாஸ்தா, கூட்டுப்புழுவுக்குச் சிப்பி வடிவப் பாஸ்தா, பட்டாம்பூச்சிக்கு இறக்கை போல இருக்கும் பாஸ்தா. பக்கத்தில் வட்டமாக அம்புக்குறி போட்ட அட்டை.

பிள்ளைகள் ஆசையாக அள்ளுகிறார்கள், கொட்டுகிறார்கள், வரிசை மாறாமல் அடுக்கியும் விடுகிறார்கள். கேள்வி கேட்கும்போதுதான் சங்கதி தெரிகிறது. "புழு எங்கே போச்சு?" என்றால் "பட்டாம்பூச்சி தின்னுடுச்சு" என்கிறான் ஒருவன். "அது அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு" என்கிறாள் இன்னொருத்தி. வரிசை மனப்பாடம், ஆனால் ஒரே உயிர்தான் மாறுகிறது என்பது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

தொட்டு விளையாடுவதை விட மனமில்லை. அதை வைத்தே இதைப் புரியவைக்க வழி உண்டா?

#2 நீலத்தட்டான்

பிள்ளைகள் மேல் தப்பில்லை, தட்டுதான் அப்படிச் சொல்கிறது. நான்கு தடுப்பில் நான்கு பொருள் இருந்தால் அவை நான்கு பிராணி என்றுதான் கை புரிந்துகொள்ளும். பெரியவர்களுக்கே இது லேசில் பிடிபட்ட விஷயம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துக்காரர் யான் ஸ்வாமர்டாம், முதிர்ந்த புழுவின் தோலை விலக்கி உள்ளே இறக்கையின் தொடக்கம் மடிந்து கிடப்பதைக் காட்டித்தான், புழுவும் பூச்சியும் ஒன்றே என்று வாதாட வேண்டியிருந்தது.

என் யோசனை: நான்கு பொருள் வேண்டாம், ஒரே பொருளை மாற்றுங்கள். விளையாட்டு மாவு போதும். வெள்ளை மாவில் கடுகளவு கிள்ளி உருட்டினால் முட்டை. அதையே நீட்டினால் புழு. பக்கத்தில் பச்சை மாவை இலை இலையாகத் தட்டி வைத்துவிடுங்கள். பிள்ளை ஒவ்வோர் இலையாகப் புழுவுக்கு "ஊட்ட" வேண்டும், அதாவது அந்தத் துண்டைப் புழுவோடு சேர்த்துப் பிசைய வேண்டும். புழு பருத்துக்கொண்டே போகும், நிறமும் மாறும். நிஜத்தில் மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு இரண்டு வாரத்துக்குள் ஆயிரம் மடங்குக்கு மேல் எடை கூடுகிறது. எனவே தாராளமாக ஊட்டலாம்.

அப்புறம் ஒரு கண்டிப்பான விதி. கூட்டுப்புழு ஆன நிமிடத்திலிருந்து ஒரு துண்டு மாவுகூடச் சேர்க்கக் கூடாது. இறக்கை, கால், உணர்கொம்பு எல்லாம் கையில் இருக்கும் அதே உருண்டையிலிருந்து வர வேண்டும். புழு தின்றதுதான் இறக்கையானது என்பது கைக்கே தெரிந்துவிடும். குட்டிப் பட்டாம்பூச்சி வளர்ந்து பெரிய பட்டாம்பூச்சி ஆகும் என்று பல பிள்ளைகள் நினைப்பார்கள், அதற்கும் இந்த விதி பதில் சொல்லும். இறக்கை வந்தபின் அது வளர்வதே இல்லை.

#3 அரைத்தூக்கம்

எங்கள் வீட்டில் மாவு எந்த உருவத்தில் தொடங்கினாலும் ஐந்து நிமிடத்தில் பாம்பாகிவிடும். உருமாற்றம் என்றால் அதுவும் உருமாற்றம்தானே 😄

#4 மழலைவகுப்பு

பாம்பு எங்கள் வகுப்பிலும் உண்டு சகோ.

@நீலத்தட்டான், மாவு சேர்க்கக் கூடாது என்ற விதி எனக்குப் பிடித்திருக்கிறது, நாளைக்கே செய்து பார்ப்பேன். கூட்டுக்குள் இருக்கும் கட்டத்தில்தான் தடுமாறுகிறேன். உள்ளே எல்லாம் கரைந்து கூழாகிவிடும் என்கிறார்கள். அப்படியே சொல்லலாமா? பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

#5 நீலத்தட்டான்

பாதி சரி. புழுவின் தசையும் குடலும் பெரும்பாலும் சிதைந்து புதிதாக உருவாகின்றன. ஆனால் உள்ளே இருப்பது வெறும் கூழ் இல்லை. இறக்கை, கால், கண் ஆகியவற்றுக்கான செல் திட்டுகள் புழுவாக இருக்கும்போதே உடம்பில் இருக்கின்றன, கூட்டுப்புழுவில் அவை வேகமாக வளர்கின்றன. மூச்சுக் குழாய்களும் ஒரேயடியாக மறைந்துபோவதில்லை. "பழைய உடம்பைப் பிரித்து, உள்ளே காத்திருந்த துண்டுகளோடு சேர்த்துப் புது உடம்பு செய்யுது" என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் போதும்.

மாவில் காட்ட: புழு செய்யும்போதே வேறு நிறத்தில் நான்கு சின்ன மணி உருட்டி உள்ளே பதித்துவிடுங்கள். கூட்டுப்புழுவைத் துணியால் மூடி, பிள்ளை பார்க்காமலே துணிக்கு அடியில் கைவிட்டுப் பிசையட்டும். பிசையும்போது அந்த மணிகள் விரலில் தட்டுப்பட்டால் அதைப் பிடித்துத் தட்டையாக்க வேண்டும், அதுதான் நான்கு இறக்கை. கண்ணால் பார்க்க முடியாததை விரலால் தேடுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"பட்டாம்பூச்சிக்குப் புழுவா இருந்தது ஞாபகம் இருக்குமா?" என்று எவராவது கேட்டால் சிரித்து ஒதுக்காதீர்கள். 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஓர் அந்துப்பூச்சி இனத்தை வைத்துச் செய்த ஆய்வில், வளர்ந்த புழுவாக இருக்கும்போது ஒரு வாசனையை வெறுக்கப் பழகியவை பூச்சியான பிறகும் அதை விட்டு விலகின.

#6 பச்சைப்புழு

தோலுரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே! பெரும்பாலான புழுக்கள் பலமுறை தோலுரிக்கும். மொனார்க்குக்கு ஐந்து புழுப் பருவம், ஐந்தாவதின் தோல் கழன்றால் அடியில் கூட்டுப்புழு.

நான் செய்வது: பிள்ளையின் கையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து காலுறை. ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கழற்ற வேண்டும், விரலை நெளித்து நெளித்து, மறு கையால் இழுக்காமல். கடைசிக் காலுறைக்கு அடியில் வழவழப்பான பச்சைக் கையுறை. அதுதான் கூட்டுப்புழு.

இதில் இன்னொரு லாபம் உண்டு. பட்டாம்பூச்சிப் புழு நூல் சுற்றி வீடு கட்டி உள்ளே படுத்துக்கொள்ளும் என்று பலர் பஞ்சும் நூலும் சுற்றிக் காட்டுகிறார்கள். அது பட்டுப்பூச்சி மாதிரி அந்துப்பூச்சிகளின் வேலை. பெரும்பாலான பட்டாம்பூச்சிகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டுப் பிடிமானம் மட்டும்தான், மற்றபடி தோலுக்கு அடியில் இருந்ததே வெளியே தெரிகிறது.

#7 இரட்டையர்அம்மா

அழகான விளையாட்டுதான், ஆனால் ஒரு இடிப்பு. காலுறை கழலக் கழலக் கை சின்னதாகிறது. தோலுரித்தால் புழு பெரிதாக வேண்டாமா? என் பெண் இதைக் கேட்காமல் விடமாட்டாள்.

#8 பச்சைப்புழு

நியாயமான இடிப்பு. அப்படியானால் கைக்குப் பதில் ஸ்பாஞ்சு. நல்ல பெரிய மெத்தென்ற ஸ்பாஞ்சை அமுக்கி இறுக்கமான ஒரே காலுறைக்குள் திணித்துவிடுங்கள். பிள்ளை தடவிப் பார்க்கட்டும், கல் மாதிரி விறைப்பாக இருக்கும். பிறகு காலுறையை உருவினால் புஸ்ஸென்று உப்பும்.

உண்மையும் ஏறக்குறைய இதுதான். பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் மடிப்பு மடிப்பாக, மெத்தென்று இருக்கும். கழற்றியதும் பூச்சிகள் காற்றையோ நீரையோ விழுங்கி உடம்பை உப்பவைத்து, அந்த அளவிலேயே புதுத் தோல் இறுகும்படி செய்துகொள்கின்றன.

இறக்கைக்கும் இதே வழி. கூட்டை விட்டு வரும்போது இறக்கை கசங்கி, ஈரமாக, குட்டையாக இருக்கும். உடல் திரவத்தை இறக்கையில் ஓடும் குழாய்களுக்குள் செலுத்தி விரித்து, காயவைத்து, பிறகுதான் பறக்கும். காகிதத்தில் பட்டாம்பூச்சி வெட்டி நான்கு இறக்கைகளையும் நடுப்பக்கமாக மடித்துத் தண்ணீர்த் தட்டில் மிதக்கவிடுங்கள். காகித நார் நீரை உறிஞ்ச உறிஞ்ச மடிப்பு தானாகவே விரியும். கெட்டியான காகிதம் மெதுவாக விரியும், அதுதான் இதற்கு நல்லது. தொடக்கூடாது, காத்திருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி.

#9 இரட்டையர்அம்மா

ஸ்பாஞ்சு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேல்முறையீடு இல்லை.

#10 நத்தைநடை

தவளைக்கு வாருங்கள். நீரில் ஊறி உருண்டையாகும் வண்ண ஜெல் மணிகள் கிடைக்கின்றனவே, நிறமில்லாததை வாங்கி ஊறவைத்தால் அச்சு அசல் தவளை முட்டை. வழுக்கிக்கொண்டு போகும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

#11 விரல்நுனி

தோழி, தயவுசெய்து அதை மட்டும் வேண்டாம். பிள்ளைகளுக்கான புலன்சார் சிகிச்சையில் வேலை செய்கிறேன், இதைச் சற்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த மணி உலர்ந்த நிலையில் மிகச் சின்னது, மிட்டாய் மாதிரி இருக்கும். நீரை உறிஞ்சிப் பல மடங்கு பெரிதாவதுதான் அதன் குணம். பிள்ளை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது, உயிரிழப்பும் நடந்திருக்கிறது. இதில் மோசம் என்னவென்றால், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. பிள்ளை விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால் வாந்திக்கும் வயிற்றுவலிக்கும் காரணம் கண்டுபிடிக்கவே நேரமாகும். காதிலும் மூக்கிலும் போட்டுக்கொண்டாலும் ஆபத்துதான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பகிரங்கமாக எச்சரித்து, 2023 கடைசியில் அங்குள்ள மிகப் பெரிய விற்பனை நிறுவனங்கள் சில பிள்ளைகளுக்கான பொருளாக அதை விற்பதை நிறுத்தின.

"நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்பது இதற்குப் போதாது. தரையில் துள்ளி உருண்ட ஒரு மணி மேசைக்கு அடியில் காய்ந்து பழையபடி சின்னதாகிவிடும். தவழும் தம்பி தங்கை கையில் சிக்குவது அதுதான். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் மூடிய பையில் போட்டுக் குப்பையில் சேருங்கள்.

பதிலாகச் சப்ஜா விதை. ஊறினால் நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றிலும் கண்ணாடி போன்ற வழவழப்பு, தவளை முட்டைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை. முழுக்க ஊறிய பிறகு மட்டுமே தட்டில் வையுங்கள், உலர்ந்த விதையைப் பிள்ளை வாயில் போட விடாதீர்கள். அன்றைக்கே கொட்டிவிடுங்கள், மறுநாள் நாற்றமெடுக்கும்.

#12 நத்தைநடை

ஐயோ, இவ்வளவு இருக்கிறதா. சப்ஜாவே போதும், நன்றி அக்கா. அடுத்து தலைப்பிரட்டைக்கு என்ன செய்வது?

#13 நீலத்தட்டான்

மறுபடியும் மாவுதான், எனக்கு வேறு சரக்கு கிடையாது. உருண்டைத் தலை, நீண்ட வால். இலை ஊட்டும் விளையாட்டை இங்கேயும் விளையாடலாம், பல இனங்களின் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டித் தின்பவை. பிறகு பின்னங்கால் முதலில், முன்னங்கால் அப்புறம். இந்த வரிசை முக்கியம், பல படங்களில் தப்பாகப் போட்டிருப்பார்கள்.

வாலை மட்டும் கிள்ளி எறிய விடாதீர்கள். வால் உதிர்வதில்லை. உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கரைத்து எடுத்துக்கொள்கிறது. வாய் அமைப்பு மாறிக்கொண்டிருக்கும் அந்தச் சமயத்தில் அது தின்பதும் இல்லை, வாலில் இருந்ததுதான் செலவுக்கு. ஆக, பிள்ளை வால் மாவை விரலால் மெல்ல மெல்ல உடம்புக்குள் தள்ளட்டும்.

எல்லாத் தவளைக்கும் தலைப்பிரட்டைப் பருவம் உண்டு என்றும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். சில இனங்களில் முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, நேராகக் குட்டித் தவளை வெளியே வரும்.

#14 ஈரமண்

எல்லாம் படித்தேன். கோபப்படாதீர்கள், எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. இலையில் நிஜப் புழு இருக்கும்போது மாவில் ஏன் புழு? ஜாடியில் வளர்த்தால் மொனார்க் மாதிரி இனங்கள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை கண்ணெதிரே காட்டிவிடும். நிஜத்தை விட்டுவிட்டுப் பொம்மை எதற்கு?

#15 மழலைவகுப்பு

கோபம் எதற்கு. ஜாடியும் வைக்க ஆசைதான். ஆனால் ஜாடியில் பார்த்தாலும் தோல் கழல்வது நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், பெரும்பாலும் நாங்கள் இல்லாத நேரத்தில். மறுநாள் வந்தால் புழு இல்லை, கூடு தொங்குகிறது. "யாரோ மாத்தி வெச்சிட்டாங்க" என்பான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மாவும் ஸ்பாஞ்சும்.

#16 விரல்நுனி

நிஜ உயிர் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தொடுவதில் மட்டும் எச்சரிக்கை. கோழிக்குஞ்சு, தவளை, ஆமை போன்றவை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அவற்றைக் கையாள வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பார்ப்பதற்கு நிஜம், தொடுவதற்கு மாவு என்று பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை.

#17 நீலத்தட்டான்

ஜாடி வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். புழுவை எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே இலைதான் தினமும், வேறு இலை கொடுத்தால் பெரும்பாலும் பட்டினி கிடந்து சாகும். இன்னொன்று, சில புழுக்களுக்குள் ஒட்டுண்ணிக் குளவி முன்பே முட்டையிட்டிருக்கும். பட்டாம்பூச்சிக்குக் காத்திருக்கும் வகுப்பில் புழுவின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புழுக்கள் வெளியே வரலாம். எனக்கு அது அற்புதக் காட்சி. நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

#18 ஈரமண்

சரி, #15இல் சொன்ன "யாரோ மாத்தி வெச்சிட்டாங்க" எனக்குப் புரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வட்ட அம்புக்குறி அட்டை? பட்டாம்பூச்சியிலிருந்து முட்டைக்கு அம்பு போட்டால் பட்டாம்பூச்சியே திரும்ப முட்டையாகிறது என்றுதானே பிள்ளை படிக்கும்? சாவு என்ற ஒன்றை அந்த வட்டம் மறைத்துவிடுகிறது.

#19 இரட்டையர்அம்மா

அருமையான கேள்வி. என் பையன் அப்படியேதான் படித்தான், பாட்டி திரும்பப் பாப்பா ஆவாளா என்று கேட்டான். அதோடு வட்ட அட்டையை எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போது நாங்கள் ஆடுவது எண்ணிக்கை ஆட்டம். அகலத் தட்டில் ஊறிய சப்ஜா. சில தவளைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால் நிறையவே போடுங்கள். ஒருவர் மீன், ஒருவர் நீர்வண்டு, ஒருவர் வெயில். ஒவ்வொருவரும் முறை வைத்துக் கரண்டியால் அள்ளித் தம் கிண்ணத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் மிஞ்சுகிற ஒன்றிரண்டுதான் தவளை. பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்தேன். அழவில்லை, எல்லோரும் மீனாக இருக்கத்தான் அடித்துக்கொண்டார்கள். முட்டை ஏன் அத்தனை என்பது தனியாகச் சொல்ல வேண்டியதாகவே இல்லை.

சாவைப் பற்றி நேரடியாகக் கேட்டால் நேரடியாகவே சொல்லுங்கள்: முட்டையிட்ட பட்டாம்பூச்சி செத்துப்போகும், முட்டையில் இருப்பது வேறு புழு. பட்டுப்பூச்சி இறக்கை வந்தபின் சாப்பிடுவதே இல்லை, துணை தேடி முட்டையிட்டுச் சில நாளில் இறந்துவிடும். பிள்ளைகள் இதை நாம் நினைப்பதைவிடச் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

#20 அரைத்தூக்கம்

கோழியை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கு உருமாற்றம் இல்லை என்பதால் ஒதுக்கிவிட்டீர்களா?

#21 விரல்நுனி

கோழிக்கு என்னிடம் ஒன்று உண்டு. பனிக்கட்டிக்குள் பொம்மைக் குஞ்சை உறையவைத்துச் சுத்தியலால் உடைக்கக் கொடுக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அதில் ஒரு குறை. குஞ்சை வெளியிலிருந்து யாரும் உடைத்து எடுப்பதில்லை. 21 நாள் அடைகாத்த பிறகு, அலகு நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லால் உள்ளிருந்து அதுவே ஓட்டைக் கீறுகிறது. கீறத் தொடங்கி முழுதாக வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம், நடுவில் ஓய்வு எடுத்துக்கொள்ளும்.

அதனால் பிள்ளையை உள்ளே அனுப்புங்கள். பெரிய அட்டைப்பெட்டியின் திறந்த பக்கத்தில் மெல்லிய காகிதத்தை ஒட்டிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்து, மூக்கால் மட்டும் தட்டிக் கிழித்து வெளியே வரச் சொல்லுங்கள். பெட்டியில் காற்றுத் துளை இருக்கட்டும், நாம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புலன் விளையாட்டு என்றாலே தட்டில் கைவிட்டு அளைவது என்று ஆகிவிட்டது. தசைக்கும் மூட்டுக்கும் உணர்வு உண்டு. குறுகிக் கிடந்து நிமிர்வது அதற்கான விளையாட்டு.

ஓட்டைத் தொட்டுப் பார்க்க: பச்சை முட்டையை ஒரு நாள் வினிகரில் போட்டால் ஓடு கரைந்து உள்சவ்வு மட்டும் மிஞ்சும். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் கரு ஆடுவது தெரியும். மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே தொடட்டும், உடைந்தாலும் தொல்லையில்லை. அந்த முட்டை கருவுறாததாக இருந்தால் "இதில் குஞ்சு இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய கலவரம் ஆகும்.

#22 மழலைவகுப்பு

எல்லோருக்கும் நன்றி. பாஸ்தா தட்டை எடுத்துவிட்டு மாவு, ஸ்பாஞ்சு, மீன் ஆட்டம் மூன்றையும் வைக்கப்போகிறேன். ஒரு பிள்ளை ஈரமான எதையும் தொடமாட்டான், சப்ஜாவைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அவனை எப்படிச் சேர்ப்பது?

#23 விரல்நுனி

வற்புறுத்தவே வேண்டாம். சப்ஜாவை ஜிப் பையில் ஊற்றி, ஓரத்தைப் பசைநாடாவால் ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் பதித்துவிடுங்கள். பைக்கு மேலிருந்து ஒரு விரலால் முட்டையைத் தள்ளட்டும். மீன் ஆட்டத்தில் நீளமான கரண்டி கொடுங்கள். அவன் வெறுமனே நின்று பார்த்தால் அதுவும் பங்கேற்புதான். மற்றவர்கள் முன்னால் "தொட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவனுக்கு நிஜமாகவே ஏதோ ஆகிறது.

#24 அரைத்தூக்கம்

கடைசியாக ஒன்று. என் மகளுக்குத் தட்டான்தான் வேண்டுமாம். அதற்கும் கூட்டுப்புழு செய்தால் சரியா?

#25 நீலத்தட்டான்

என் பெயரைப் பார்த்துக் கேட்டீர்களா! கூட்டுப்புழு வேண்டாம். தட்டானுக்கு அந்தப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து வருவது ஆறு கால் உள்ள இளம்பூச்சி, தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழு, தலைப்பிரட்டை எல்லாம் பிடித்துத் தின்னும். பலமுறை தோலுரிக்கும், இறக்கை முதுகில் சின்ன மொட்டாக வெளியிலேயே வளரும். கடைசித் தடவை ஒரு தண்டில் ஏறி, முதுகுத் தோல் பிளந்து, இறக்கையோடு வெளியே வரும். ஆகவே துணியை மூடிப் பிசையும் கட்டத்தை விட்டுவிட்டு, ஸ்பாஞ்சும் காகித இறக்கையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டுவதற்கு இலைக்குப் பதில் குட்டித் தலைப்பிரட்டைகள் உருட்டி வையுங்கள், நத்தைநடையின் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாலும் சரி.